பழைய கணினி எந்தத் தலைமுறை என்று திறந்து பார்த்துக் கண்டறிவது எப்படி

பாடப்புத்தகத்தில் கணினித் தலைமுறைகள் ஓர் அட்டவணையாக இருக்கும். 1956 வரை வால்வு, 1964 வரை டிரான்சிஸ்டர், 1971 வரை ஐசி (பல டிரான்சிஸ்டர்களை ஒரே துண்டில் அடக்கிய சிப்), அதற்குப் பின் மைக்ரோபிராசசர். தேர்வுக்கு அது போதும். கல்லூரி ஸ்டோர் ரூமிலோ காயலான் கடையிலோ கிடக்கும் ஒரு பெட்டியைப் பார்த்துத் தலைமுறை சொல்லவேண்டி வந்தால் அந்த அட்டவணை காலை வாரிவிடும். பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் கட்டிய டிஃப்ராக் 1960-இல் ஓடத் தொடங்கியது. அட்டவணைப்படி அது இரண்டாம் தலைமுறை. உள்ளே இருந்தவை வால்வுகள், அதனால் அது முதல் தலைமுறைதான். அமெரிக்காவில் டெக் நிறுவனத்தின் பிடிபி-8 வெளிவந்தது 1965-இல், ஆனால் அதன் பலகைகளில் இருந்தவை தனித்தனி டிரான்சிஸ்டர்கள். அதே பெயரில் 1968-இல் வந்த பிடிபி-8/ஐ மாடலில்தான் ஐசி வந்தது.

எனவே ஆண்டையும் பெட்டியின் பருமனையும் நம்பவேண்டாம். கணக்கிடும் பலகையில் 0, 1 என்று மாறும் சுவிட்சாக எந்தப் பாகம் வேலை செய்கிறது என்று பாருங்கள். தலைமுறையைச் சொல்வது அந்தப் பாகம்தான்.

திறப்பதற்கு முன்

தேவையானவை: நட்சத்திரத் தலை ஸ்க்ரூ டிரைவர், டார்ச், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், மென்மையான பெயின்ட் பிரஷ், போன் கேமரா. ஒவ்வொரு கேபிளையும் கழற்றுவதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரிப்பன் கேபிளின் ஓரத்தில் ஓடும் சிவப்புக் கோடு எந்தப் பக்கம் இருந்தது என்பது மாட்டும்போது நினைவில் இருக்காது.

ஓடுகிறதா என்று பார்க்கலாமே என்று பிளக்கைச் சொருகிவிடாதீர்கள். பழைய பெட்டிகளில் பாதி சாவது இப்படித்தான். எஸ்எம்பிஎஸ் எனப்படும் மின்சப்ளைப் பெட்டியின் பின்புறம் 115 / 230 என்று ஒரு சிறு சிவப்பு ஸ்லைடு சுவிட்ச் இருக்கும். அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டியில் அது 115-இல் நிற்கலாம். அப்படியே நம் 230 வோல்ட்டில் சொருகினால் ஒரு வெடிச்சத்தம் கேட்கும், அத்தோடு சப்ளை போய்விடும். சுவிட்ச் சரியாக இருந்தாலும், இருபது வருடம் மின்சாரம் காணாத எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்கள் முழு வோல்டேஜைத் தாங்காமல் போகலாம்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்கவேண்டாம். 230 வோல்ட்டை டிசியாக மாற்றியபின் உள்ளே ஏறத்தாழ 325 வோல்ட் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கெபாசிட்டரில் அது சிறிது நேரம் தங்கும். படக்குழாய் உள்ள மானிட்டர், டெர்மினல், மானிட்டரோடு ஒட்டிய கணினி ஆகியவற்றின் பின்மூடியையும் தொடாதீர்கள். கலர் படக்குழாயின் ஆனோடில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஏறியிருக்கும், நாள் கணக்கில் அது இறங்காமலும் இருக்கலாம். தலைமுறையை அறிய இந்த இரண்டும் தேவையே இல்லை. மானிட்டரில் இருக்கும் கண்ணாடிக் குழாயைப் பார்த்து முதல் தலைமுறை என்று எழுதிவிடுவோரும் உண்டு. பார்க்கவேண்டியது லாஜிக் பலகையை மட்டும்.

கண்ணாடிக் குழாய்: முதல் தலைமுறை

வால்வு தெரிந்தால் சந்தேகமில்லை. கால்கள் வைத்த அடித்தளம், மேலே கண்ணாடி, உள்ளே உலோகத் தகடுகள். பழைய ரேடியோவில் இருந்த அதே பொருள். எனியாக்கில் பரவலாக இருந்த 6எஸ்என்7 இன்றும் ஒலிபெருக்கிக்காரர்களிடம் புழங்குகிறது. அமெரிக்க வால்வு எண்ணின் தொடக்க எண், உள்ளே சூடேறும் கம்பியான ஹீட்டரின் வோல்டேஜை ஏறத்தாழச் சொல்லும்: 6 என்றால் 6.3, 12 என்றால் 12.6. குழாயின் உட்சுவரில் வெள்ளி பூசியதுபோல் ஒரு பளபளப்புப் பட்டை இருக்கும். உள்ளே மிஞ்சிய காற்றை உறிஞ்சுவதற்காகப் பூசியது அது. பால்வெள்ளையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு செத்தது என்று அர்த்தம்.

இவற்றை நம் கையில் எடுக்கும் வாய்ப்பு குறைவு. அருங்காட்சியகத்தில்தான் காண்போம். ஆனால் அந்தக் காலத்து எண்களைத் தெரிந்துகொண்டால் பின்னால் வந்த ஒவ்வொரு மாற்றமும் ஏன் வந்தது என்று புரியும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மோக்லியும் எக்கர்ட்டும் உருவாக்கி, 1946 பிப்ரவரியில் உலகுக்குக் காட்டிய எனியாக்கில் ஏறத்தாழ 18,000 வால்வுகள் இருந்தன. எடை 30 டன், மின்சாரம் 150 கிலோவாட். வினாடிக்கு 5,000 கூட்டல் போடும். ஏறக்குறைய இரண்டு நாளுக்கு ஒரு வால்வு போய்விடும் என்று எக்கர்ட் பின்னர் சொன்னார். ஹீட்டர் சூடாகி விரியும்போதும் ஆறிச் சுருங்கும்போதும்தான் பெரும்பாலான வால்வுகள் உடைந்தன. அதனால் இயந்திரத்தை அணைக்காமலே வைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ரகசியச் செய்திகளை உடைக்க, இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்குக்காகக் கொலோசஸ் என்ற வால்வு இயந்திரத்தைக் கட்டிய டாமி ஃபிளவர்ஸ் தொலைபேசித் துறையில் இதை முன்பே கண்டறிந்திருந்தார். ஆயிரத்துக்கு மேல் வால்வு போட்டால் இயந்திரம் தாக்குப்பிடிக்காது என்று மற்றவர்கள் அஞ்சியபோது அவர் துணிந்ததற்கு அதுவே காரணம்.

மூன்று கால் பாகம்: இரண்டாம் தலைமுறை

பெல் ஆய்வகத்தில் பார்டீன், பிராட்டேன், ஷாக்லி ஆகியோர் டிரான்சிஸ்டரைக் கண்டது 1947 டிசம்பரில். அது கணினிக் கடைக்கு வந்து நிலைபெறப் பத்து வருடத்துக்கு மேலாயிற்று. அடையாளம் எளிது: பட்டன் அளவு உலோகத் தொப்பி, கீழே மூன்று கம்பிகள், சுற்றிலும் வண்ணக் கோடு போட்ட ரெசிஸ்டர்களும் கண்ணாடி டயோடுகளும். பலகைகள் சிறியவை, எண்ணிக்கையில் மிகப் பல. 1959-இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் 1401-இல் உள்ளங்கைக்குள் அடங்கும் அட்டைகள் ஆயிரக்கணக்கில் சொருகப்பட்டிருக்கும். ஓர் அட்டையில் சில டிரான்சிஸ்டர்கள், கீழ்விளிம்பில் 16 தொடுமுனைகள். பழுது பார்ப்பவர் டிரான்சிஸ்டரைத் தேடமாட்டார், சந்தேகப்பட்ட அட்டையைப் பிடுங்கி வேறொன்றைச் சொருகுவார்.

இங்கே பலரையும் ஏமாற்றுவது நினைவகம். கம்பிவலையில் கோத்த சிறுசிறு கருப்பு வளையங்கள் தெரிந்தால் அது ஃபெரைட் கோர் மெமரி. ஒரு வளையம் ஒரு பிட். இதைக் கண்டதும் இரண்டாம் தலைமுறை என்று முடிவு கட்டாதீர்கள். எம்ஐடியின் வேர்ல்விண்டில் 1953-இலேயே கோர் வந்துவிட்டது, அது வால்வு இயந்திரம். டிஃப்ராக்கிலும் வால்வோடு கோர் இருந்தது. ஐசி போட்ட 1970களின் மினி கணினிகளிலும் கோர் இருந்தது. மூன்று தலைமுறைக்கும் பொதுவான பொருளை வைத்து ஒரு தலைமுறையைச் சொல்ல முடியாது.

கோர் பலகையை விரலால் தொடாதீர்கள். அந்தக் கம்பி அறுந்தால் திரும்பக் கோக்க ஆள் இல்லை. மின்சாரம் போனாலும் கோரில் எழுதியது அழியாது. ஆனால் ஒருமுறை படித்தால் அழிந்துவிடும், அதனால் படித்த கையோடு மறுபடி எழுதவேண்டும். இந்த இரண்டு வேலையும் சேர்ந்த ஒரு சுற்றுக்கு 1401-இல் 11.5 மைக்ரோ வினாடி ஆனது.

பூரான் கால் சிப்புகள்: மூன்றாம் தலைமுறை

ஜாக் கில்பி 1958 செப்டம்பரில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் முதல் ஐசியைக் காட்டினார். ராபர்ட் நாய்ஸ் அதைச் சிலிக்கானில் அச்சடிக்கும் வழியை 1959-இல் தந்தார். பாடப்புத்தகம் இந்தத் தலைமுறைக்கு உதாரணமாகத் தவறாமல் சொல்வது 1964 ஏப்ரல் 7 அன்று அறிவிக்கப்பட்ட ஐபிஎம் சிஸ்டம்/360. ஆனால் அதன் பலகையில் தெரிவது அரை அங்குலச் சதுர உலோக மூடிகள். மூடிக்குக் கீழே பீங்கான் தகடு, அதன்மேல் தனித்தனியாக ஒட்டிய டிரான்சிஸ்டர், டயோடு. முழு ஐசி அல்ல, பாதி வழியில் நிற்கும் கலப்பு. அதைக் கண்டால் 'கலப்பு மாட்யூல்' என்றே குறித்துக்கொள்ளுங்கள், அதுதான் நேர்மை.

முழு ஐசி என்றால் 14 அல்லது 16 கால் வைத்த கருப்பு சிப். கால்களுக்கு இடையே 2.54 மில்லிமீட்டர். ஒரு முனையில் அரைவட்ட வெட்டு இருக்கும். அந்த வெட்டு மேலே வரும்படி பிடித்தால் இடப்பக்கம் முதலில் வருவது 1ஆம் கால். ஒரு பலகையில் இப்படி நூறு சிப்பு வரிசை கட்டி நின்று, எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால், அது மூன்றாம் தலைமுறைப் பாணி. கூட்டமாக 16 கால்கள் நிற்க, நடுவே 24 கால் சிப்புகள் நான்கு ஒன்றாகத் தெரிந்தால் எண்ணைப் படியுங்கள். 74181 என்றிருந்தால் அது நான்கு பிட் கணக்கீட்டு சிப். நான்கு சேர்ந்தால் 16 பிட், அதுவே அந்த இயந்திரத்தின் சிபியு பலகை.

சிப்பின் தேதியைப் படிக்கும்போது ஒரு பொறி உண்டு. பெரும்பாலான சிப்புகளில் நான்கு இலக்கத் தேதி எண் இருக்கும்: முதல் இரண்டு ஆண்டு, அடுத்த இரண்டு வாரம். 7423 என்றால் 1974-இன் 23ஆம் வாரம். ஆனால் அந்தக் காலத்தில் அதிகம் விற்ற டிடிஎல் என்ற வகை லாஜிக் சிப்புகளின் பெயர்களே 7400, 7404, 7432, 7474 என்றுதான் போகும். 7432 என்பது 1974-இன் 32ஆம் வாரமா, நான்கு ஆர் கேட் (உள்ளீட்டில் ஒன்று 1 என்றாலே 1 தரும் சுற்று) கொண்ட சிப்பா? பிரிக்கும் வழிகள்:

– வாரம் 53-ஐத் தாண்டாது, பூச்சியமும் ஆகாது. 7474, 7486, 7400 தேதியாக இருக்கவே முடியாது.
– பாக எண்ணுக்கு முன்னால் எஸ்என், டிஎம், எம்சி போன்ற எழுத்துகள் வரும், பின்னால் உறையின் எழுத்து வரும். தேதி பெரும்பாலும் தனியாக நிற்கும்.
– பக்கத்துச் சிப்புகளைப் பாருங்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் மாறி வரும் எண்தான் தேதி: 7418, 7421, 7426.

பலகையிலேயே கடைசித் தேதியை எடுத்துக்கொண்டால், அதற்கு முன் அந்தப் பலகை செய்யப்பட்டிருக்க முடியாது. ஒரே ஒரு சிப்பு மட்டும் மற்றவற்றைவிட ஐந்தாறு வருடம் பிந்தியிருந்தால், அது ரிப்பேரில் மாற்றியது. பலகையைத் திருப்பிப் பார்த்தால் அந்த இடத்தில் சால்டரின் நிறம் வேறாக இருக்கும்.

சிபியு ஒரே சிப்பில்: நான்காம் தலைமுறை

இன்டெல் 4004 வெளிவந்தது 1971 நவம்பரில். பிசிகாம் என்ற ஜப்பானியக் கால்குலேட்டர் நிறுவனத்துக்காகத் தொடங்கிய வேலை அது. 2,300 டிரான்சிஸ்டர், 16 கால், 740 கிலோஹெர்ட்ஸ். அதற்கு முன் பல பலகைகளில் பரவியிருந்த சிபியு ஒரு சிப்புக்குள் போனது, அதுவே எல்லைக்கோடு. நாம் கண்ணால் தேடவேண்டியது 40 காலுள்ள நீளச் சிப்பு ஒன்றை: 8080, 8085, இசட்80, 6502, 8086, 8088. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் 4.77 மெகாஹெர்ட்ஸ் 8088 இருந்தது. அருகில் சிறு கண்ணாடி ஜன்னல் வைத்த சிப்பு தெரிந்தால் அது ஈபிராம், நிரலை எழுதிவைத்த நினைவகச் சிப்பு. ஜன்னல்மேல் ஒட்டிய ஸ்டிக்கரைப் பிய்க்காதீர்கள். புற ஊதா ஒளி பட்டால் உள்ளே எழுதியது அழியும். வெயிலில் வாரக்கணக்கில் கிடந்தாலும் அழியும்.

இங்கும் விதிவிலக்கு உண்டு. 1977-இல் வந்த வாக்ஸ்-11/780-இன் சிபியு பல டிடிஎல் பலகைகளில் பரவியிருந்தது. 1976-இன் கிரே-1 மிக எளிய கேட் சிப்புகளால் ஆனது. இரண்டையும் நான்காம் தலைமுறை என்று புத்தகங்கள் சொல்வது காலத்தை வைத்து. பாகத்தை வைத்துப் பார்த்தால் அவை மூன்றாவதுக்கு நெருக்கம்.

கையில் கிடைக்கும் பெட்டி பெரும்பாலும் 1985-க்குப் பிந்திய பிசியாகத்தான் இருக்கும். தலைமுறை நான்கு என்பது பார்க்காமலே தெரியும். அப்போது காலத்தைக் குறுக்கும் வேலைதான் மிச்சம். ஸ்லாட்டைப் பாருங்கள். நீளமான கருப்பு ஸ்லாட் மட்டும் இருந்தால் ஐஎஸ்ஏ, 1980களின் பாணி. வெள்ளை நிறக் குட்டை ஸ்லாட் பிசிஐ, 1993-ஐ ஒட்டி வந்தது. தனியே ஒரு பழுப்பு ஸ்லாட் ஏஜிபி, 1997 முதல். ராமின் கால் எண்ணிக்கை இன்னும் உறுதியாகச் சொல்லும்: 30, பிறகு 72, பிறகு 168 என்றால் எஸ்டிராம், 184 டிடிஆர், 240 டிடிஆர்2 அல்லது 3, 288 டிடிஆர்4 அல்லது 5. கால் எண்ணிக்கை ஒன்றே என்று டிடிஆர்2 இடத்தில் டிடிஆர்3-ஐ அழுத்தாதீர்கள். நடு வெட்டு இடம் மாறியிருக்கும், வோல்டேஜும் 1.8-க்கு 1.5 என்று வேறு. உட்காரவில்லை என்றால் அது உட்காரக்கூடாத ராம்.

286, 386, 486 போர்டுகளில் முதலில் தேடவேண்டியது பீப்பாய் வடிவ 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி. நீலத்திலோ பச்சையிலோ இருக்கும், அனேகமாகக் கசிந்திருக்கும். கசியும் பொருள் காரம். செப்புத் தடங்களைப் பச்சையாக அரித்துக் கீபோர்டு சாக்கெட் வரை போகும். பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, வெள்ளை வினிகரைப் பஞ்சில் நனைத்து ஒற்றுங்கள். நுரை அடங்கியதும் சுத்தமான தண்ணீரால் துடைத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் மறுபடி துடைத்து, ஒரு நாள் காயவிடுங்கள். 2000-ஐ ஒட்டிய போர்டுகளில் பேட்டரிக்குப் பதில் கெபாசிட்டரைப் பாருங்கள். தலை தட்டையாக இல்லாமல் உப்பியோ பழுப்பாகக் கசிந்தோ இருந்தால் மாற்றாமல் ஓட்டக்கூடாது.

குணங்களைச் சோதித்துப் பார்ப்பது

வேகம், துல்லியம், சேமிப்பு, சலிப்பின்மை, பன்முகப் பயன்பாடு, சொந்த அறிவு இல்லாமை. கணினியின் அடிப்படைக் குணங்கள் என்று மனப்பாடம் செய்யும் இந்தப் பட்டியலை இயந்திரத்திலேயே சோதிக்கலாம்.

துல்லியத்தில் தொடங்குங்கள். பிரவுசரில் எஃப்12 அழுத்தி, கன்சோலில் 0.1 + 0.2 போடுங்கள். விடை 0.30000000000000004 என்று வரும். இது பழுது அல்ல. பத்தில் ஒன்று என்ற எண்ணை இரும எண்ணில் முடிவாக எழுத முடியாது, எங்கோ வெட்டத்தான் வேண்டும். பணக்கணக்கு எழுதும் நிரல்கள் ரூபாயைப் பின்னமாக வைக்காமல் பைசாவாக வைப்பது இதனால்தான். உண்மையான பழுது வேறு. 1994-இல் வெளிப்பட்ட பென்டியம் வகுத்தல் பிழையைச் சோதிக்க, 4195835-ஐ 3145727-ஆல் வகுத்து, அதே எண்ணால் பெருக்கி, 4195835-இலிருந்து கழியுங்கள். நல்ல சிப்பில் பூச்சியம் வரும், பிழையுள்ள பென்டியத்தில் 256 வரும். சிப்புக்குள் இருந்த அட்டவணையில் சில இடங்கள் காலியாக விடப்பட்டதுதான் காரணம். இன்டெல் இதற்காக 47.5 கோடி டாலர் ஒதுக்கவேண்டி வந்தது.

சேமிப்புக்கு ஓர் எளிய கணக்கு. 1 டெராபைட் டிஸ்க் வாங்கினால் விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1,024-ஆல் வகுக்கிறது.

சலிப்பு கணினிக்கு இல்லைதான், ஆனால் சூடு உண்டு. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்துவைத்து, கனமான வேலை ஒன்றைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். தொடக்கத்தில் 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் நின்ற வேகம் 1-க்குப் பக்கம் சரிந்தால் ஃபேனில் தூசி அடைத்திருக்கிறது அல்லது சிபியு மேல் பூசிய பேஸ்ட் காய்ந்துவிட்டது.

பன்முகப் பயன்பாடு மட்டும் பாகத்தோடு சேர்ந்து வந்த குணம் அல்ல. எனியாக்கில் வேறொரு கணக்குப் போட கேபிள்களைப் பிடுங்கி மாற்றிச் சொருகவேண்டும், அதற்கு நாள் கணக்கில் ஆகும். மான்செஸ்டரில் 1948 ஜூன் 21 அன்று ஓடிய 'பேபி' என்ற சிறு இயந்திரம் நிரலைத் தன் நினைவகத்திலேயே வைத்திருந்தது. மொத்த நினைவகம் 1,024 பிட். அதுவும் வால்வுதான், இதுவும் வால்வுதான். தலைமுறை அட்டவணையில் இரண்டும் ஒரே கட்டத்துக்குள் இருக்கும். ஆனால் இன்றைய போன் எந்த இயந்திரத்தின் வாரிசு என்று கேட்டால், எங்கள் கணிப்பில் பேபிதான்.

ஐந்தாவதும், கடைக்காரர் சொல்லும் பன்னிரண்டாவதும்

ஐந்தாம் தலைமுறையைத் திறந்து பார்த்துக் கண்டறிய முடியாது. அந்தப் பெயர் 1982-இல் ஜப்பான் அரசு தொடங்கிய பத்தாண்டுத் திட்டத்தோடு பரவியது. புரோலாக் மொழியை அடிப்படையாக வைத்து, தர்க்கரீதியாக முடிவெடுக்கும் இணைநிலைக் கணினிகளைச் செய்வது நோக்கம். பாகத்தில் மாற்றம் என்று சொல்ல எதுவுமில்லை. இன்றைய செயற்கை நுண்ணறிவு ஓடுவதும் மைக்ரோபிராசசரின் வழிவந்த சிப்புகளில்தான். தேர்வில் ஐந்து என்று எழுதுங்கள், பெட்டியின் அட்டையில் நான்கு என்று எழுதுங்கள்.

சென்னை ரிச்சி தெருவிலோ இணையத்திலோ பழைய லேப்டாப் வாங்கும்போது காதில் விழும் 'எட்டாவது ஜென்' (Gen, தலைமுறை), 'பன்னிரண்டாவது ஜென்' என்பவை இன்டெல் தன் கோர் வரிசைக்கு வைத்த எண். 'ஐ5' என்று மட்டும் சொன்னால் எதுவும் தெரியாது. ஐ5-2400 2011-இல் வந்தது, ஐ5-12400 2022-இல் வந்தது. ஐந்து இலக்கம் என்றால் முதல் இரண்டும் ஜென், நான்கு என்றால் முதல் ஒன்று, மூன்று இலக்கம் என்றால் முதல் ஜென். இதில் ஓர் ஓட்டை: ஐ5-1035ஜி1 நான்கு இலக்கம், ஆனால் பத்தாவது ஜென். 1135ஜி7 பதினொன்றாவது, 1235யு பன்னிரண்டாவது. நான்கு இலக்க எண் 10 முதல் 13 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் இரண்டு இலக்கத்தையும் சேர்த்துப் படியுங்கள். விண்டோஸ் 11-க்கு, சில விதிவிலக்கு தவிர, எட்டாவது ஜென்னோ அதற்குப் பிந்தியதோ வேண்டும்.

ஏஎம்டியில் முதல் இலக்கத்தை நம்பவே கூடாது. ரைசன் 5 5500யு-இல் இருப்பது ஜென் 2 (Zen 2) வடிவமைப்பு, 5600யு-இல் ஜென் 3 (Zen 3). இந்த ஜென் ஏஎம்டி தன் வடிவமைப்புக்கு வைத்த பெயர், மேலே சொன்ன ஜென் அல்ல. எண் நூறுதான் வித்தியாசம், உள்ளே ஒரு தலைமுறை வித்தியாசம். 7520யு பார்க்கப் புதிதாகத் தெரியும், அதிலும் ஜென் 2-தான். அந்த 7000 வரிசை லேப்டாப் சிப்புகளில் மூன்றாவது இலக்கம்தான் வடிவமைப்பைச் சொல்வது. மூடிமேல் ஒட்டிய ஸ்டிக்கரில் முழு எண் பெரும்பாலும் இருக்காது. லேப்டாப்பை ஆன் செய்து, செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபவுட் பக்கத்தில் புராசசர் என்ற வரியைப் படித்த பிறகே விலை பேசுங்கள்.